தரவரிசையில் 300, 500, 900: ஆப்பிரிக்காவிலிருந்து தொழில்முறை டென்னிஸ் ஆடுபவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துனிசியாவின் ஆன்ஸ் ஜபேரையும் தென்னாப்பிரிக்காவின் கெவின் ஆண்டர்சனையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குக் கீழே நைரோபி, லாகோஸ், ஹராரே, கெய்ரோ, துனிஸ் ஆகிய ஊர்களிலிருந்து ஆண்டு முழுக்க ஆடிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியது இந்தப் பக்கம். வேறு நாணயம் குறிப்பிடாத இடங்களில் தொகைகள் அமெரிக்க டாலரில்.

கீழ்நிலை வீரர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி.யின் ஒற்றையர் தரவரிசைப் பட்டியலில் ஏறத்தாழ 2,000 ஆண்கள் இருக்கிறார்கள். முதல் 100 பேர் டென்னிஸிலேயே வசதியாக வாழலாம். 250 வரை இருப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள். அதற்குக் கீழே இருப்பவர் ஆடுவதற்காகச் சம்பாதிக்கிறார் என்பதே சரி. சம்பாதிப்பதற்காக ஆடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. பெண்களின் டபிள்யூ.டி.ஏ. பட்டியலிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். 2013-ம் ஆண்டு வரவு செலவைக் கணக்கெடுத்தது. பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலேயே ஆண்டுச் செலவு ஆண்களுக்குச் சராசரியாக 38,800, பெண்களுக்கு 40,180 டாலர் என்று தெரிந்தது. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நின்றது ஆண்களில் 336-ம் இடத்திலும் பெண்களில் 253-ம் இடத்திலும். அதன்பின் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் எங்கேயோ போய்விட்டன. மொத்தப் பரிசு 15,000 டாலர் உள்ள போட்டியோ இன்றும் 15,000 டாலர் போட்டியாகவே இருக்கிறது.

அடிப்படியில் என்னென்ன போட்டிகள்?

ஆண்களுக்கு ஐ.டி.எஃப். நடத்தும் எம்15, எம்25. அதற்கு மேல் ஏ.டி.பி.யின் சேலஞ்சர் 50, 75, 100, 125, 175. பிறகுதான் தொலைக்காட்சியில் பார்க்கும் போட்டிகள். பெண்களுக்கு டபிள்யூ15, 35, 50, 75, 100 என்று ஐ.டி.எஃப். படிகள் நீளமாகப் போகும். அதற்கு மேல் டபிள்யூ.டி.ஏ. 125.

பெயரில் உள்ள எண் பெரும்பாலும் பட்டம் வென்றால் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். எம்15 பட்டத்துக்கு 15 புள்ளி, சேலஞ்சர் 100 பட்டத்துக்கு 100 புள்ளி. எம்15 போட்டியில் இறுதியில் தோற்றால் 8, அரையிறுதி 4, காலிறுதி 2, இரண்டாம் சுற்று 1. முதல் சுற்றில் தோற்றவருக்குப் பூஜ்யம்தான். எல்லாப் புள்ளிகளும் 52 வாரங்களில் உதிர்ந்துவிடும். ஆறு எம்15 பட்டம் வென்றவரிடம் 90 புள்ளி சேர்ந்திருக்கும். இன்னொருவர் ஒரே ஒரு நல்ல வாரத்தில் சேலஞ்சர் 100 பட்டம் வென்று அவரைத் தாண்டிவிடுவார். எம்15 போட்டிகளிலேயே சுற்றிக்கொண்டிருப்பது புதைகுழி என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

ஒரு வாரம் ஆடினால் கையில் என்ன நிற்கும்?

எம்15 ஒற்றையர் பரிசு: வெற்றியாளருக்கு 2,160, இறுதியில் தோற்றவருக்கு 1,272, அரையிறுதி 752, காலிறுதி 438, இரண்டாம் சுற்று 258, முதல் சுற்று 156 டாலர். நடக்கும் நாட்டின் வரியைப் பிடித்துக்கொண்டுதான் இதையும் கொடுப்பார்கள்.

விடுதியும் சாப்பாடும் நாளொன்றுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளைக்கு 420. நுழைவுக் கட்டணம் 40. மட்டையில் கட்டும் ஸ்ட்ரிங், துணி துவைப்பு, விமான நிலையத்துக்குக் கார் எல்லாம் சேர்த்து 100 என்றால் 560 ஆகிவிடுகிறது. விமானச் சீட்டை இன்னும் சேர்க்கவில்லை. ஆக, காலிறுதி வரை போனவரும் நஷ்டத்தோடுதான் ஊர் திரும்புகிறார். அரையிறுதி என்றால் அந்த வாரம் தட்டுத்தடுமாறி நிமிரும். தகுதிச்சுற்றில் தோற்றவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

போட்டியின் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் எச் எழுத்தும் இருந்தால் தங்கும் செலவை அமைப்பாளர்கள் ஏற்கிறார்கள் என்று பொருள். பட்டியலில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். பரிசுத்தொகை சற்றுக் குறைவாக இருந்தாலும் அந்த வாரம் மலிவாக முடியும். எம்25 மற்றும் டபிள்யூ35 போட்டிகளின் மொத்தப் பரிசு 2025 முதல் 30,000 டாலராக உயர்ந்தது. அதனால் எம்15, எம்25 இடையே இடைவெளி இன்னும் அகன்றிருக்கிறது.

மொனாஸ்டீர் என்ற பெயரே திரும்பத் திரும்ப வருகிறதே?

துனிசியக் கடற்கரை ஊர். ஒரே விடுதி வளாகத்தில் ஆண்டின் பெரும்பாலான வாரங்கள் எம்15, டபிள்யூ15 போட்டிகள் தொடர்ந்து நடக்கும். எகிப்தில் ஷார்ம் எல் ஷேக், துருக்கியில் அன்டாலியா ஆகியவையும் இதே மாதிரி. மூன்று நான்கு வாரம் ஒரே இடத்தில் தங்கி, ஒரே விமானச் செலவில் நான்கு போட்டி ஆடலாம். இந்தியாவிலிருந்தும் பலர் இதே கணக்குப் போட்டு அங்கே போகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் நடப்பதால் ஆப்பிரிக்கர்களுக்குச் சாதகம் என்று தோன்றும். வட ஆப்பிரிக்கர்களுக்கு மட்டும் அது உண்மை. நைரோபியிலிருந்து கிளம்புபவர் இஸ்தான்புல், தோஹா அல்லது கெய்ரோ வழியாக துனிஸ் போய், அங்கிருந்து சாலையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். பாரிஸிலோ ரோமிலோ இருப்பவருக்கு மொனாஸ்டீர் அதைவிடப் பக்கம். அதனால் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று காட்டும் டிராவைத் திறந்து பார்த்தால் பிரான்சும் இத்தாலியும் நிறைந்திருக்கும்.

ஆப்பிரிக்க மண்ணில் அதற்கு மேல் போட்டிகளே இல்லையா?

ஏ.டி.பி. சுற்றின் முதன்மைப் போட்டி என்றால் மொராக்கோவின் மராகெஷ் ஒன்றுதான். தென்னாப்பிரிக்க ஓப்பன் 2011-க்குப் பின் நின்றுபோனது. பெண்களுக்கு அதே நாட்டின் ரபாட். சேலஞ்சர் நிலையில் நல்ல மாற்றம் தெரிகிறது. ருவாண்டாவின் கிகாலியில் 2024-ல் அடுத்தடுத்து இரண்டு வாரம் சேலஞ்சர் 50 நடந்தது. மறு ஆண்டு தரம் 75, 100 என்று உயர்ந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள வீரருக்கு இதன் மதிப்பு பரிசுத்தொகையைவிட வைல்டு கார்டில்தான் இருக்கிறது.

வைல்டு கார்டு அவ்வளவு முக்கியமா?

தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் விருப்பப்படி கொடுக்கும் இடம் அது. பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே போகும். ஆண்டுக்கு இருபது முப்பது போட்டி நடத்தும் இத்தாலியிலோ ஸ்பெயினிலோ பிறந்த 18 வயதுப் பையனுக்கு நான்கைந்து முறை கதவு திறக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு போட்டி நடத்தும் நாட்டிலோ ஒன்றுமே நடத்தாத நாட்டிலோ பிறந்தவருக்கு அது கிடையாது. கிராண்ட்ஸ்லாமிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டுச் சம்மேளனங்களும் தங்களுக்குள் ஆளுக்கொரு இடம் மாற்றிக்கொள்கின்றன. இது நியாயமில்லை என்று நாம் சொல்லலாம். போட்டியை நடத்தப் பணம் போட்டவர்கள் வேறு மாதிரிதான் சொல்வார்கள்.

ஒரு போட்டிக்குப் பதிவு செய்வது எப்படி?

முதலில் ஐ.டி.எஃப். தரும் ஐபின் என்ற அடையாள எண் வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் கடைசி நாளில் தவிப்பவர்கள் உண்டு.

போட்டி தொடங்கும் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழன், கிரீன்விச் நேரப்படி பிற்பகல் 2 மணிக்குப் பதிவு மூடும். லாகோஸில் அப்போது 3 மணி, நைரோபியில் 5 மணி. ஒரே வாரத்தில் நடக்கும் பல போட்டிகளுக்கு முன்னுரிமை வரிசை போட்டுப் பெயர் கொடுக்கலாம். முதலில் ஏ.டி.பி. தரவரிசைப்படி இடம் தருவார்கள். அடுத்து ஐ.டி.எஃப்.பின் தனித் தரவரிசை, அதன்பின் தேசியத் தரவரிசை. விலக நினைத்தால் போட்டிக்கு 13 நாள் முன்னால் வரும் செவ்வாய் அதே 2 மணிக்குள் விலக வேண்டும். தாண்டினால் தாமத விலகல் என்று கணக்கில் ஏறி அபராதம் வரும்.

தவறு நடப்பது முன்னுரிமை வரிசையில்தான். எந்தப் போட்டி எளிதாக இருக்கும் என்பதை மட்டும் பார்த்து வரிசை போடுவார்கள். அடுத்த வாரம் எங்கே போக முடியும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வாரச் சங்கிலியாகத் திட்டமிடாமல் ஒற்றைப் போட்டிக்கு டிக்கெட் எடுப்பவர்களுக்குத்தான் பணம் சீக்கிரம் கரையும்.

விசா உண்மையிலேயே அவ்வளவு பெரிய தடையா?

ஆம், பலருக்குப் பின்கை அடியைவிடப் பெரிய பலவீனம் அதுதான். கணக்கைப் பாருங்கள். ஏற்புப் பட்டியல் வெளியாவது போட்டிக்கு 18 நாள் முன்னால். அழைப்புக் கடிதம் அதன்பிறகே வரும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா மனுவைப் பரிசீலிக்க வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை ஆகலாம். அதற்கு முன் தூதரகச் சந்திப்புக்கு நேரம் கிடைக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட போட்டிக்கென்று விண்ணப்பித்தால் காலண்டர் கூடிவராது.

அனுபவமுள்ளவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே பலமுறை நுழையும் நீண்ட கால விசாவுக்கு மனுப் போடுவார்கள். தேசியச் சம்மேளனத்தின் கடிதம், ஆடவிருக்கும் போட்டிகளின் அட்டவணை, முந்தைய பயணங்களின் முத்திரைகள், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஐரோப்பியக் கிளப் ஒன்றோடு ஒப்பந்தம் இருந்தால் மனு இன்னும் வலுவாகும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது.

விசா கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். ஏப்ரல் தொடக்கத்தில் களிமண் சீசனுக்கு நுழைந்தவருக்கு ஜூலை தொடக்கத்தில் நாள் தீர்ந்துவிடும். அதனால்தான் நடுவே செர்பியா, போஸ்னியா, துருக்கி, துனிசியா என்று ஷெங்கனுக்கு வெளியே ஆடி நாட்களைச் சேமிக்கிறார்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட்டுக்கு ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற விமான நிலையங்களில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்பார்கள். இலங்கைப் பாஸ்போர்ட்டும் அதே பட்டியலில் இருப்பதால் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலிவு டிக்கெட் என்று அந்த வழியே எடுத்துவிட்டு, விமானத்தில் ஏற முடியாமல் போனால் டிக்கெட்டும் போட்டியும் சேர்ந்தே போகும்.

250-ம் இடம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது?

கிராண்ட்ஸ்லாம் தகுதிச்சுற்று. ஆண்டுக்கு ஆண்டு கோடு கொஞ்சம் நகர்ந்தாலும், 220 முதல் 250 வரையான இடங்களைச் சுற்றித்தான் கதவு இருக்கும். 2025-ல் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே அமெரிக்க ஓப்பனில் 27,500 டாலர், விம்பிள்டனில் 15,500 பவுண்டு, ஆஸ்திரேலியாவில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு தோல்வியின் விலைக்கு ஒருவர் எம்15 பட்டத்தை 12 முறைக்கு மேல் வெல்ல வேண்டும். 230-ல் இருப்பவருக்கும் 280-ல் இருப்பவருக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, வங்கிக் கணக்கில் நன்றாகவே தெரியும்.

2024-ல் ஏ.டி.பி. குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முதல் 100 பேருக்கு 3,00,000, 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 டாலர். பரிசுப்பணம் அதைவிடக் குறைந்தால் மிச்சத்தை ஏ.டி.பி. ஈடுகட்டும். அதுவும் 250-ம் இடத்தோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கோட்டைத் தாண்டிய ஆப்பிரிக்கர் யாரையாவது சொல்லுங்கள்.

எகிப்தின் முகமது சஃப்வத். 1990-ல் பிறந்தவர், பல ஆண்டுகள் கீழ்நிலைப் போட்டிகளிலேயே ஆடியவர். 2018 பிரெஞ்ச் ஓப்பன் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றார். ஆனாலும் பாரிஸிலேயே காத்திருந்தார். விக்டர் ட்ரோய்ட்ஸ்கி காயத்தால் விலக, லக்கி லூசராக உள்ளே போய் நேரே ஃபிலிப் ஷாட்ரியே மைதானத்தில் முன்னணி வீரர் டிமிட்ரோவை எதிர்கொண்டார். மூன்று செட்டில் தோற்றாலும், 1996-க்குப் பின் கிராண்ட்ஸ்லாம் முதன்மைச் சுற்றில் ஆடிய முதல் எகிப்திய ஆண் அவர்தான். 2020 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச்சுற்றைக் கடந்தே முதன்மைச் சுற்றுக்கு வந்தார். அவருடைய உச்ச இடமான 130-ஐ எட்டியது அதே ஆண்டு, 29 வயதில். 22 வயதில் 400-ல் இருக்கும் மகனை விட்டுவிடச் சொல்லலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம். அந்த ஏழெட்டு ஆண்டுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

பழைய கதை ஒன்றும் உண்டு. செனகலின் யஹியா தும்பியா 1988-ல் 453-ம் இடத்தில் இருந்துகொண்டு, தகுதிச்சுற்றிலிருந்து வந்து பிரான்சின் லியோன் போட்டியின் பட்டத்தையே வென்றார். அப்படி நடக்கும் என்று யாரும் பட்ஜெட் போடுவதில்லை.

அமெரிக்கக் கல்லூரி வழி நல்லதா?

குடும்பத்தில் பணமில்லாத ஆப்பிரிக்க இளைஞருக்கு இன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதே எங்கள் கருத்து. நான்கு ஆண்டு உணவு, பயிற்சி, மருத்துவம், நல்ல எதிராளிகள், கையில் ஒரு பட்டம். நைஜீரியாவின் என்டுகா ஒடிஸோர் ஹூஸ்டன் பல்கலைக்கழகம் வழியாக வந்தவர். 1983 விம்பிள்டனில் அர்ஜென்டினாவின் வீலாஸை வீழ்த்தி நான்காம் சுற்று வரை போனார். எகிப்தின் மாயர் ஷெரிஃப் அமெரிக்காவின் பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2020 பிரெஞ்ச் ஓப்பனில் தகுதிச்சுற்றைத் தாண்டினார், 2022-ல் பார்மாவில் டபிள்யூ.டி.ஏ. பட்டம் வென்றார், 2023-ல் 31-ம் இடத்தைத் தொட்டார். கென்யாவின் ஏஞ்செல்லா ஒகுடோயி 2022-ல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை வென்ற பிறகு ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

கல்லூரியில் சேரும் முன் வாங்கும் பரிசுப்பணத்துக்கு வரம்புகள் இருக்கலாம். பதினேழு வயதில் அவசரப்பட்டு எல்லாப் போட்டியிலும் பணம் வாங்கினால் ஆடும் தகுதியிலேயே சிக்கல் வரலாம். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் விதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு ரசீதையும் வைத்திருங்கள்.

உதவித்தொகை கிடைக்குமா?

நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் சேர்ந்து நிதி போட்டு, ஐ.டி.எஃப். வழியாக வளரும் நாட்டு வீரர்களுக்கு உதவுகின்றன. தொழில்முறை வீரருக்கு 25,000 அல்லது 50,000 டாலர், ஆண்டுக்கு. கண்டம் முழுவதற்கும் சேர்த்தே சிலர்தான் தேர்வாகிறார்கள். கேட்டு வாங்குவதைவிட, தரவரிசையும் சம்மேளனத்தின் பரிந்துரையும் இருந்தால் தானாக வருவது என்று எண்ணிக்கொள்வது மேல். இளையோருக்குக் காசாபிளாங்காவில் ஐ.டி.எஃப்., ஆப்பிரிக்க டென்னிஸ் சம்மேளனம் இரண்டும் நடத்தும் பயிற்சி மையம் இருக்கிறது.

வேறு வருமானம்?

ஜெர்மனி, பிரான்ஸ் கிளப் லீக்குகள். ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய பணம், தங்க இடம், சில நேரம் விமானச் சீட்டும். தோற்றாலும் கிடைக்கும் பணம் டென்னிஸில் அரிது என்பதால், 400-ம் இடத்துக்காரருக்கு ஆண்டின் மிக நிச்சயமான வருமானம் இதுவாகவே இருக்கும். புள்ளி மட்டும் கிடைக்காது. இரட்டையர் ஆட்டத்தை விடக்கூடாது. ஒற்றையரில் செவ்வாயன்றே தோற்றவர் வெள்ளி வரை அங்கே தங்குவதற்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

மட்டை, ஸ்ட்ரிங் செலவை எப்படிக் குறைப்பது?

200 மீட்டர் பாலியஸ்டர் ரீல் வாங்கினால், மட்டைக்கு 11 முதல் 12 மீட்டர் வீதம் 16 முதல் 18 முறை கட்டலாம். தனித்தனிப் பாக்கெட் வாங்குவதைவிட மிகவும் மலிவு. போட்டி நடக்கும் இடத்தில் ஸ்ட்ரிங் கட்டுபவருக்குக் கொடுக்கும் கூலிதான் உறுத்தும். நண்பர்கள் இருவர் மூவர் சேர்ந்து பெட்டியில் அடங்கும் சிறு இயந்திரம் ஒன்றை எடுத்துப் போவது வழக்கம்.

கிழக்கு ஆப்பிரிக்கர்களுக்கு உயரம் ஒரு தனிப் பிரச்சினை. நைரோபி 1,700 மீட்டர் அளவில் இருக்கிறது, கிகாலி 1,500-க்கு மேல். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே தனிப் பந்து வகை உண்டு. மெல்லிய காற்றில் பந்து பறக்கும் என்பதால் அங்கே ஸ்ட்ரிங்கை இறுக்கிக் கட்டிப் பழகியிருப்பார்கள். அதே இறுக்கத்தோடு கடல்மட்டத்து மொனாஸ்டீரில் இறங்கினால் பந்து சர்வீஸ் கோட்டிலேயே விழும், தோளும் வலிக்கும். ஒன்றிரண்டு கிலோ தளர்த்தி, போட்டிக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். அந்த மூன்று நாள் விடுதிச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் முதல் சுற்றிலேயே அதை இழப்பார்.

ஆட்டத்தை விற்பது பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே?

முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். ஒரு செட்டை விட்டுக்கொடுக்க அதைப் பல மடங்கு தாண்டும் தொகையோடு ஒருவர் செய்தி அனுப்புவார். ஆபத்து எங்கே என்று இதிலேயே தெரிகிறது. எகிப்தின் கரீம் ஹொசாம் 2018-லும், 291-ம் இடம் வரை போன அவருடைய தம்பி யூசுஃப் 2020-லும் வாழ்நாள் தடை பெற்றார்கள். 2021 முதல் சர்வதேச டென்னிஸ் நேர்மை அமைப்பு இதைக் கவனிக்கிறது.

மறுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். போதாது. அணுகியதை உடனே தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். செய்தியை அழிக்காமல் படமெடுத்து வைத்து அந்த அமைப்புக்கு அனுப்ப வேண்டும். எந்த நாட்டு டென்னிஸ் ஆட்டத்திலும் பந்தயம் கட்டக்கூடாது, சிறு தொகையானாலும். பயிற்சியாளருக்கும் இதே விதிதான்.

காயம் பட்டால் தரவரிசை என்னாகும்?

குறைந்தது ஆறு மாதம் ஆட முடியாமல் போனால் பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கு மனுச் செய்யலாம். திரும்பி வரும்போது பழைய இடத்தைக் காட்டிச் சில போட்டிகளில் நுழையலாம். நான்கு மாதக் காயம்தான் கொடுமை. விதியில் இடமில்லை, புள்ளிகள் உதிர்ந்துகொண்டே இருக்கும், பாதி ஆறிய தோளோடு திரும்புவார்கள்.

ஒலிம்பிக்?

ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் தங்கத்துக்கு ஓர் இடம் உண்டு. சஃப்வத்தும் ஷெரிஃபும் 2019-ல் மொராக்கோவில் வென்று டோக்கியோ போனது அப்படித்தான். பாரிஸுக்குத் தங்கத்தோடு முதல் 400 தரவரிசையும் தேவைப்பட்டது. 2024 மார்ச்சில் அக்ராவில் தங்கம் வென்ற ஒகுடோயி அந்த நிபந்தனையில் நின்றுவிட்டார். கல்லூரிக்குப் போனால் படிப்பு கிடைக்கும், சுற்றில் ஆடினால்தான் புள்ளி கிடைக்கும். இரண்டையும் ஒரே ஆண்டில் பிடிப்பது கடினம்.

இவர்கள் ஆட்டத்தை எங்கே பார்க்கலாம்?

சேலஞ்சர் ஆட்டங்கள் ஏ.டி.பி. தளத்தில் இலவசமாக ஓடும். ஐ.டி.எஃப். போட்டிகள் பலவற்றை அதன் தளத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலும் ஒரே கேமரா, வர்ணனை இருக்காது. டிராவில் பெயருக்குப் பக்கத்தில் க்யூ என்றிருந்தால் தகுதிச்சுற்று தாண்டி வந்தவர். எல்.எல். என்றால் லக்கி லூசர், டபிள்யூ.சி. வைல்டு கார்டு, பி.ஆர். காயத்திலிருந்து திரும்பியவர், ஜே.ஆர். இளையோருக்கு ஒதுக்கிய இடத்தில் வந்தவர். க்யூ போட்டவர் காலிறுதியில் இருந்தால், அந்த வாரம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடிவிட்டுத்தான் அங்கே நிற்கிறார்.